கன்னி ராசியில் ஒரு சத்தம்

ஜூன் 14, 1962, வியாழன்

மழை. தொலைநோக்கித் தட்டு நிற்கும் திடல் முழுக்கச் சேறு. காலையில் என் பூட்ஸ் ஒன்று சேற்றோடு தங்கிவிட்டது. டிபோர் மண்வெட்டியால் தோண்டி எடுத்துக் கொடுத்தான். புடாபெஸ்டில் பொறியியல் படித்து, உயிர் தப்பி எல்லை தாண்டி, கப்பலேறி ஆஸ்திரேலியாவுக்கு நீ வந்தது இதற்காகத்தானா என்று கேட்டேன். "இன்னொரு பூட்ஸையும் தொலைங்க மிஸ் பாஸ்கோ. ரெண்டையும் எடுத்துக் குடுத்தா குடியுரிமை தருவாங்கன்னு கேள்விப்பட்டேன்" என்றான்.

பதிவுப் பேனா இன்றும் துள்ளுகிறது. வானத்து இரைச்சலைத் தாளில் ஒழுங்காகக் கோடு போட வேண்டியது, மூக்குப்பொடி போட்டவன் மாதிரி தும்மித் தும்மி எழுதுகிறது. பக்கத்துப் பண்ணையின் மின்வேலிதான் காரணம் என்கிறார் டாக்டர் ஆர்ம்ஸ்பி. இங்கிலாந்திலிருந்து எங்களுக்குத் தலைமை தாங்க வந்தவர். வந்த நாளிலிருந்து குளிருகிறது என்பதைத் தவிர வேறு புகார் சொல்லாதவர். "நீங்க போய்ப் பேசுங்க மிஸ் பாஸ்கோ. பொம்பளை சொன்னா கேப்பாங்க."

பத்து வருடமாக ரேடியோ வானியலில் இருக்கிறேன். இன்று கிடைத்த பதவி: வேலித் தூதர்.

ஜூன் 16

மிஸ்டர் க்ளெமென்ட் ரடக்கைப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். ஓர் ஆட்டை மல்லாத்தி மடியில் உட்காரவைத்துக் குளம்பு வெட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. ஆடுதான் என்னைப் பார்த்தது.

"வேலியை அணைச்சா ஆடு ஓடிடும்."

"அணைக்கலன்னா எங்களுக்கு வானம் கேக்காது."

"வானத்துல என்ன கேக்குது?"

"இரைச்சல்."

"இரைச்சல் எங்க வீட்டு ரேடியோலயும்தான் கேக்குது. அதுக்காக நான் இவ்ளோ பெரிய தட்டு கட்டல."

அவர் அடுத்த காலைப் பிடித்தார். "அந்தத் தட்டு வந்ததுலேர்ந்து என் ஆடுங்க பாதி நேரம் அதோட நிழல்லதான் படுத்துக் கிடக்குதுங்க. நான் ஏதாவது சொன்னேனா, டாக்டரம்மா?"

ஏதோ முக்கியமான அவதானிப்பு என்றால் முன்கூட்டியே சொன்னால் யோசிப்பாராம். யோசிப்பாராம்!

ஜூன் 17

வாசலில் செய்தித்தாளில் சுற்றிய ஓர் ஆட்டுத் தொடை. பெயர் இல்லை. "பேரு எதுக்கு? ஊருக்கே தெரியும்" என்றாள் மிஸஸ் டன்ஸ்டன். நான் குடியிருக்கும் வீட்டுக்காரி; முல்லங்கரா ஊரின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சும் அவள்தான். அவள் வீட்டு முன்னறையில்தான் எல்லார் கம்பியும் வந்து சேர்கிறது. ஊருக்குத் தெரியும் என்று அவள் சொன்னால், ஊருக்குத் தெரிந்துவிட்டது என்று பொருள்.

ஜூலை 9

கணக்கு முடிந்தது.

கன்னி ராசிப் பக்கம் ஏதோ ஒன்று ஓயாமல் பலமாக இரைந்துகொண்டிருக்கிறது. பட்டியலில் அதற்கு ஓர் எண் உண்டு, அவ்வளவுதான். எது என்று யாருக்கும் தெரியாது. ரேடியோவுக்குக் காது கூர்மை, கண் மங்கல். கால்பந்து மைதானத்தில் எவனோ விசிலடிக்கிறான், எந்த வரிசை என்றுகூடச் சொல்ல முடியவில்லை — அந்தக் கதைதான்.

ஆனால் செப்டம்பர் முதல் தேதி பிற்பகல், நிலா அதன் குறுக்கே வருகிறது. நிலாவின் விளிம்பு மறைக்கும் கணத்தில் இரைச்சல் நிற்கும். மறுபக்கம் வெளிப்படும்போது மறுபடி கேட்கும். எந்தக் கணத்தில் நிலா எங்கே நிற்கும் என்பது எங்களுக்கு அத்துப்படி. அப்படியானால் விசிலடிப்பவன் உட்கார்ந்திருக்கும் நாற்காலியையே காட்டிவிடலாம். தவறவிட்டால் இந்த ஊருக்கு வசதியாக நிலா மறுபடி அந்த வழி வர வருடக்கணக்காகும்.

டாக்டர் ஆர்ம்ஸ்பி தாள்களைப் புரட்டிப் பார்த்தார். "கணக்கைச் சரிபார்த்தது யாரு?"

"நான்."

"உங்களுக்கு மேல?"

"நிலா."

சிரிக்கவில்லை. மனிதருக்குக் குளிர்.

இரவுச் சாப்பாட்டில் மிஸஸ் டன்ஸ்டன்: "முப்பத்தாறு வயசாச்சு. இன்னும் கன்னி ராசியையே சுத்திட்டு இருக்கியேடி."

ஆகஸ்ட் 20

தூதுக்குப் போனேன், இரண்டாம் முறை. செப்டம்பர் முதல் தேதி முழுப் பிற்பகலும் வேலியில் மின்சாரம் இருக்கக் கூடாது என்றேன். க்ளெம் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"அந்தப் பக்கம் யாரு தெரியுமா? ஃபோர்சைத்தோட கருமூஞ்சிக் கிடாய்ங்க. இந்தப் பக்கம் என்னோட மெரினோ இளசுங்க. கிடாய் மூஞ்சியையே பாக்காததுங்க. நடுவுல இருக்கறது அந்தக் கம்பில ஓடற கரண்ட் ஒண்ணுதான்."

"ஒரு மத்தியானம்தானே?"

"கிடாய்க்கு ஒரு மத்தியானம் எவ்ளோ நேரம்னு உங்களுக்குத் தெரியாது."

எனக்குக் காது வரை சிவந்துவிட்டது. கடைசியில் ஒப்புக்கொண்டார். ஒரே நிபந்தனை: அக்டோபரில் கம்பளிக் கொட்டகையில் ஊரார் ஆடும் நடனத்துக்கு நான் வர வேண்டும். அறிவியலுக்காக எத்தனையோ பேர் எத்தனையோ தியாகம் செய்திருக்கிறார்கள். சரி என்றேன்.

மேலே 'க்ளெம்' என்று எழுதியிருக்கிறேன். மிஸ்டர் ரடக் எங்கே போனார்?

செப்டம்பர் 1, சனி

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

மதியம் வேலி அணைந்தது. க்ளெம் தன் முற்றத்திலிருந்து தொப்பியை ஆட்டிக் காட்டினார். டிபோர் தட்டைத் திருப்பி நிலாவின் பக்கம் சாய்த்தான். பகல் வெளிச்சத்தில் நிலா கண்ணுக்கே தெரியவில்லை. எங்களுக்கு அது வேண்டியதுமில்லை. பேனாவை இறக்கினோம்.

துள்ளியது.

வேலி அணைந்திருக்கிறது, பேனா துள்ளுகிறது! டிபோர் ஹங்கேரிய மொழியில் ஏதோ சொன்னான், மொழிபெயர்க்க மறுத்துவிட்டான். அவன் கருவியின் ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பார்க்கிறான். நான் தாளையே பார்க்கிறேன். நிலா நமக்காக நிற்குமா? நிற்காது. துள்ளல், இடைவெளி, துள்ளல், இடைவெளி. எல்லா இடைவெளியும் ஏறக்குறைய ஒரே அளவு. அப்புறம்தான் காதில் விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மெல்லிய 'டிக்'. பேனா துள்ளியது. மறுபடி 'டிக்'. மறுபடி துள்ளல்.

ஓடினேன். டாக்டர் ஆர்ம்ஸ்பி தன் அறையில் மேசைக்கு அடியில் மின் ஹீட்டர் வைத்து, ஷூவைக் கழற்றி, இரண்டு பாதங்களையும் அதன் மேல் காட்டிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தார். சூடு ஏறினால் தானே அணைந்து, ஆறினால் தானே எரியும் அருமையான ஹீட்டர்.

"டாக்டர், காலை எடுங்க."

"என்னது?"

"காலை எடுங்க!" பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். அரசாங்க வேலையில் தலைமை விஞ்ஞானியின் காலடியில் மண்டியிட்டுக் கத்திய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

திரும்பி ஓடி வந்தபோது பேனா சாந்தமாக ஒரே கோடு போட்டுக்கொண்டிருந்தது. பிறகு — இறங்கியது. சடாரென்று அல்ல, சின்னச் சின்ன அலையாக நெளிந்து ஒரு படி இறங்கியது. நின்றது. நாங்கள் மூச்சுவிடுவதற்குள் இன்னொரு படி. அப்புறம் ஒன்றுமில்லை. வெறும் அமைதி. நிலா மூடிவிட்டது.

டிபோர் கிசுகிசுத்தான்: "ரெண்டு படி."

"ஆமா."

"அப்போ அங்க இருக்கறது ஒண்ணில்ல. ரெண்டு."

மறுபக்கம் வெளிப்படும் வரை பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆர்ம்ஸ்பி காலுறையோடு வந்து எங்கள் பின்னால் நின்றார். அதே போல் இரண்டு படியாகச் சத்தம் திரும்பி வந்தது. என் கணக்கும் நிலாவும் ஒத்துப்போயின. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பிரமாதம், மிஸ் பாஸ்கோ" என்றார். பிறகு, "இப்ப ஹீட்டரை மாட்டிக்கலாமா?" என்றார்.

செப்டம்பர் 4

வேலி தாண்டி வந்தவை நான்கு கருமூஞ்சிக் கிடாய்கள். முழுப் பிற்பகல்.

நானே போய்ச் சொன்னேன். வேலி பாதிக் காரணம்தான், மீதி எங்கள் தலைவரின் ஹீட்டர் என்று. வேலிச் சத்தமும் உண்மைதான் என்று டிபோர் அடித்துச் சொல்கிறான். ஆனாலும் பாதி பாதிதானே.

க்ளெம் மேய்ச்சல் நிலத்துப் பக்கம் திரும்பினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "அப்போ பொறக்கப்போற குட்டில பாதிக்கு ஆர்ம்ஸ்பின்னு பேரு வெக்கிறேன்" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அக்டோபர் 13

நடனம். என் காலை அவர் மிதித்ததை விட அவர் காலை நான் மிதித்தது அதிகம். "நட்சத்திரத்தைக் கண்டுபிடிப்ப, என் கால் எங்க இருக்குன்னு தெரியாதா?" — எப்போது 'நீ' ஆனேன்? கேட்கவில்லை. கேட்டால் திரும்ப 'நீங்க' ஆகிவிடுமே.

எங்கள் இடக்குறிப்பு கலிபோர்னியாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கேதான் பெரிய கண்ணாடித் தொலைநோக்கி இருக்கிறது. நாங்கள் நாற்காலியைக் காட்டிவிட்டோம். உட்கார்ந்திருப்பவன் முகத்தை அவர்கள்தான் பார்க்க வேண்டும்.

நவம்பர் 28

கலிபோர்னியாவிலிருந்து தகவல். நாங்கள் சொன்ன இடத்தில் ஒரு நட்சத்திரம். மங்கல், நீல நிறம். அதிலிருந்து புகைபோல ஒரு மெல்லிய கீற்று நீள்கிறதாம். இரண்டு படிக்கும் விடை கிடைத்தது: ஒன்று நட்சத்திரம், ஒன்று அந்தக் கீற்றின் நுனி.

ஆனால் வெறும் நட்சத்திரம் ஏன் இப்படிக் கத்துகிறது? அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் வரும் கோடுகள் எந்தத் தனிமத்தோடும் ஒத்துப்போகவில்லை என்கிறார்கள். ஆர்ம்ஸ்பி அது பக்கத்திலிருக்கும் ஏதோ விசித்திர நட்சத்திரம் என்கிறார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். நம் தெருக்காரன், கொஞ்சம் மூளை பிசகினவன்.

ஜனவரி 30, 1963

ஜனவரிக் கோடையில் ஊர் கொதிக்கிறது. யாரும் குட்டி போட விரும்பாத வெயிலில் மெரினோ இளசுகள் குட்டி போடுகின்றன. வெள்ளை உடம்பு, கரிய முகம். சூளைக்குள் தலையை விட்டு எடுத்த மாதிரி. விடியலிலிருந்து க்ளெமோடு வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தேன். ஏழு குட்டிகள் பிழைக்கவில்லை. அப்போது மட்டும் இருவரும் எதுவும் கேலி பேசவில்லை.

மற்றவை பிழைத்தன. ஆர்ம்ஸ்பி பார்க்க வந்தார். தன் பெயர் சொல்லிக் க்ளெம் கூப்பிட்டதும் பதினோரு பேர் திரும்பிப் பார்த்ததைக் கண்டு, பாவம், நெகிழ்ந்துபோனார்.

பிப்ரவரி 19

ரொட்டிக்கடைக்காரர் கேட்டார்: "அது என்னம்மா, அந்த இருநூறு கோடி சமாசாரம்?"

"எந்த இருநூறு கோடி?"

"உங்க நட்சத்திரம். மிஸஸ் டன்ஸ்டன் சொன்னாங்களே."

ரொட்டியைக் கல்லாவிலேயே விட்டுவிட்டு ஓடினேன். அமெரிக்காவிலிருந்து டாக்டருக்கு வந்த தந்தியை மிஸஸ் டன்ஸ்டன் தொலைபேசியில் வாசித்துக் காட்டியிருக்கிறாள். எண்ணை மூன்று முறை திருப்பிச் சொல்லச் சொன்னாராம். அதனால் அவளுக்கு மனப்பாடம்.

ஆர்ம்ஸ்பி கையில் பாதி கடித்த டோஸ்டோடு உட்கார்ந்திருந்தார். வெண்ணெய் கைமுட்டி வரை வழிந்திருந்தது. "ஹைட்ரஜன்" என்றார். "வெறும் ஹைட்ரஜன், மிஸ் பாஸ்கோ. நமக்கு நல்லாத் தெரிஞ்ச கோடுங்கதான். எல்லாம் சேர்ந்து சிவப்புப் பக்கம் நகர்ந்து நிக்குது. அதான் யாருக்கும் அடையாளம் தெரியல."

நான் உட்கார்ந்தேன். கோடுகள் அவ்வளவு நகர வேண்டுமென்றால் அது நம்மைவிட்டு அவ்வளவு வேகமாகப் போகிறது. அவ்வளவு வேகமாகப் போகிறதென்றால் அவ்வளவு தூரத்தில் இருக்கிறது. இருநூறு கோடி ஒளியாண்டு. அத்தனை தூரத்திலிருந்தும் ஒரு நட்சத்திரம் போலத் தெரிகிறதென்றால் — நம் பால்வீதியைப் போல நூறு சேர்ந்தாலும் அந்த வெளிச்சம் வராது.

தெருக்காரன் என்றேனே!

பிற்பகலில் வேலை ஓடவில்லை. தட்டின் நிழலில் போய்ப் படுத்தேன். ஆடுகள் இடம் விட்டன. அந்த ஒளி அங்கிருந்து கிளம்பியபோது இந்தப் பூமியில் புல்கூட முளைத்திருக்கவில்லை. பார்க்க ஒரு கண் கிடையாது. அது பாட்டுக்கு வந்துகொண்டே இருந்திருக்கிறது. நான் அழுதேன் என்று நினைக்கிறேன். ஓர் ஆடு என் தொப்பியை மென்றது.

பிப்ரவரி 27

சிட்னிப் பத்திரிகையில் படம். ஆர்ம்ஸ்பி, டிபோர், தட்டு. டிபோருக்கு வலப்பக்கம் தெரியும் முழங்கை என்னுடையது. மிஸஸ் டன்ஸ்டன் கத்தரித்து ஒட்டிவைத்திருக்கிறாள். "நல்ல முழங்கைதான்" என்றான் க்ளெம்.

எங்கள் ஆய்வுக் கட்டுரையில் என் பெயர் முழுதாக இருக்கிறது. ஆர்ம்ஸ்பி அதில் விட்டுக்கொடுக்கவில்லை. குளிருக்குத்தான் பயந்தவர்.

மார்ச் 10, ஞாயிறு

கேட்டுவிட்டான்.

தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தோம். "கட்டிக்கலாமா?" என்றான், தொட்டியைத்தான் கேட்கிறான் போல. எதை எதோடு என்று கேட்டேன். "என்னை. உன்னோட."

எனக்குச் சரி என்று சொல்ல வாய் வந்தது. வந்தது! இதை இங்கே எழுதிவைக்கிறேன்.

சட்டம் அவனுக்குத் தெரியாது. அரசு வேலையில் இருக்கும் பெண் கல்யாணம் செய்தால் நிரந்தர வேலை போய்விடும். மறுநாளே. பரிதாபப்பட்டால் தற்காலிகமாக வைத்துக்கொள்வார்கள், தட்டச்சுக்கோ தாள் அடுக்கவோ. சொன்னேன்.

"போனா என்ன பண்ணுவ?"

"உன் சமையலறையில நின்னு ஜன்னல் வழியா தட்டைப் பாத்துட்டு இருப்பேன்."

அவன் கொஞ்சம் யோசித்தான். "ஜன்னலை வேணா அடைச்சிடலாம்" என்றான்.

விளையாட்டுக்குத்தான் சொன்னான். எனக்குத் தெரியும். சொன்ன உடனே அவன் முகமே மாறிவிட்டது. ஆனாலும் — என்ன பேச்சு அது? எத்தனை வருஷம், எத்தனை ஆம்பளைங்களுக்கு நடுவுல, எத்தனை தடவை காப்பி கலக்கச் சொன்னாங்க, எல்லாத்தையும் தாண்டி வந்து... அடைச்சிடலாமாம்! நனைந்த கையோடு நடந்தே வந்துவிட்டேன்.

மார்ச் 14

பேச்சில்லை. எக்ஸ்சேஞ்சில் எனக்கு அழைப்பு ஏதும் இல்லை என்று கேட்காமலே சொல்கிறாள் மிஸஸ் டன்ஸ்டன். தினம் மூன்று முறை.

மார்ச் 16

டிபோர்: "ரகசியமாப் பண்ணிக்கோங்க. எங்க நாட்டுல எல்லாமே ரகசியமாத்தான் பண்ணினோம்."

உங்கள் நாட்டில் மிஸஸ் டன்ஸ்டன் இருந்தாளா என்று கேட்டேன். அப்படி ஒருவர் ஒவ்வொரு கட்டிடத்திலும் இருந்தாராம், ஆனால் கேக் செய்து தரமாட்டாராம்.

மார்ச் 31

க்ளெம் திடலுக்கே வந்தான். சவரம் செய்து, கழுத்துப்பட்டை கட்டி. யாரோ செத்துவிட்டார்கள் என்று பயந்துபோனேன்.

"ஜன்னல் பேச்சு தப்பு."

"ம்."

"அந்தச் சட்டத்தை யாரு போட்டது?"

"பார்லிமென்ட்."

"அங்க நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் இருக்கானே. எழுதறேன்."

"எழுதினா மாத்திடுவாங்களா?"

"மாத்தற வரைக்கும் எழுதறேன். எனக்கு வேற என்ன வேலை, வேலியை அணைச்சு அணைச்சுப் போடறதைத் தவிர?"

காத்திருப்பானாம். கழுத்துப்பட்டை கோணலாக இருந்தது. சரிசெய்தேன். ஆர்ம்ஸ்பி ஜன்னலில் நின்று வெளிப்படையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 5

பார்லிமென்ட் உறுப்பினரிடமிருந்து க்ளெமுக்குப் பதில் வந்திருக்கிறது. முயல் ஒழிப்பைப் பற்றிய அவன் அக்கறைக்கு நன்றி தெரிவித்திருக்கிறார்.

ஜூலை 22, 1964

நம் ஆளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். 'நட்சத்திரம் போன்ற ரேடியோ மூலம்' என்று ஒவ்வொரு முறையும் சொல்லி அலுத்துப்போய், அமெரிக்காவில் யாரோ சுருக்கி 'குவாசார்' என்று எழுதியிருக்கிறார். ஆர்ம்ஸ்பிக்குப் பிடிக்கவில்லை. க்ளெமிடம் சொன்னேன். "பேரு ஆட்டுக்குப் போடற பூச்சிமருந்து மாதிரி இருக்கு" என்றான்.

இப்போது அவை ஒன்றல்ல, பல. ஒவ்வொன்றும் முந்தையதைவிடத் தூரம்.

பார்லிமென்டிலிருந்து க்ளெமுக்கு இரண்டாவது பதில்: கோதுமைக் கிடங்கு பற்றி.

மே 17, 1965

ஆர்ம்ஸ்பி ஊர் திரும்புகிறார். இங்கிலாந்தின் குளிர் தேவலையாம், அங்கே எல்லாருக்கும் சேர்ந்து குளிரும் என்கிறார். போகும் முன் சொன்னார்: குவாசார் குழுவுக்கு இனி நான் பொறுப்பு. தலைமையகத்தில் அவர் எழுதிக் கேட்டுச் சண்டை போட்டிருக்கிறார். எனக்குத் தெரியவே தெரியாது.

க்ளெமிடம் சொல்லப் பயமாக இருந்தது. இழக்க இப்போது இன்னும் கூடுதலாக ஒன்று. சொன்னேன். அவன் பீரை நீட்டி, "அப்போ இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்துல எழுதணும்" என்றான்.

இந்த மனிதனை என்ன செய்வது?

நவம்பர் 18, 1966

மதியச் செய்தி கேட்டேன். சட்டம் போய்விட்டது. கல்யாணமான பெண்களும் அரசுப் பணியில் நிரந்தரமாக இருக்கலாம். ஒரே வாக்கியத்தில் வாசித்துவிட்டுக் கோதுமை விலைக்குப் போய்விட்டார்கள்.

டிபோர் ரேடியோவை அணைத்தான். "தட்டை நான் பாத்துக்கறேன்" என்றான். "போங்க."

மேய்ச்சல் நிலத்தின் குறுக்கே நடந்தேன், ஓடவில்லை. நாற்பது வயது. குழுத் தலைவர். கடைசிக் கொஞ்ச தூரம் மட்டும் ஓடினேன்.

க்ளெம் லாரிக்கு அடியில் கிடந்தான். இரண்டு பூட்ஸ்தான் வெளியே தெரிந்தன. அவற்றிடம்தான் கேட்டேன்.

"கட்டிக்கலாமா?"

பூட்ஸ் அசையவில்லை. உள்ளே ஏதோ இரும்பு தரையில் விழுந்தது.

"சட்டம்?"

"போயிடுச்சு."

"அதைப் பத்தி எனக்குப் பதிலே போடலியே அந்த ஆளு!"

"க்ளெம்."

"இரு, ஒரு நட்டு பாக்கி இருக்கு." இருந்தேன். நட்டை முறுக்கும் சத்தம் வரவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் வந்தது. வெளியே வர அவனுக்கு நேரம் பிடித்தது. வந்தபோது கண்ணைச் சுற்றிலும் கிரீஸ். கையால் துடைத்திருக்கிறான், முட்டாள்.

"டிசம்பர்?" என்றேன்.

"டிசம்பர்ல ரோமம் வெட்டணும். ஜனவரி?"

"ஜனவரி முழுக்க எனக்கு அவதானிப்பு. பிப்ரவரி?"

"பிப்ரவரியில சனிக்கிழமையெல்லாம் ஆட்டுச் சந்தை."

"ஞாயித்துக்கிழமையெல்லாம் என் முறை."

மண்ணில் உட்கார்ந்து இருவரும் யோசித்தோம். செவ்வாய்க்கிழமைகளில் தட்டுக்கு எண்ணெய் போடுவார்கள், வானம் பார்க்க முடியாது.

பிப்ரவரி ஏழு, செவ்வாய் என்று முடிவாயிற்று. எட்டாம் தேதி காலை நான் வேலைக்குப் போக வேண்டும்.